ராமேசுவரத்தில் பையை யாரிடம் கொடுத்துவிட்டுக் குளிப்பது?

அப்பா போய் ஒரு வருடம் ஆனபோது வருடத் திதியைப் பங்காளி ஒருவர் கொடுத்து முடித்துவிட்டார். வீட்டுக்கு நான் ஒரே பெண். முறைப்படி எல்லாம் நடந்தது என்றார்கள், சாப்பாடு போட்டோம், வந்தவர்கள் போய்விட்டார்கள். ஆனால் எனக்கு மனம் ஆறவே இல்லை. பதினான்கு மாதம் அவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான்; கடைசியில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் காசிக்குப் போக ஆசை. கேட்டால், "முதல்ல ராமநாதரைப் பாக்கணும், அங்க மண்ணெடுத்துக்கிட்டுத்தான் கங்கைக்குப் போகணும்" என்பார். ராமேசுவரம் கடற்கரை மண்ணைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் அந்த யாத்திரை முழுமை என்பது அவர் நம்பிக்கை. இரண்டுக்குமே போகாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அடுத்து வந்த தை அமாவாசைக்கு, 2025 ஜனவரி 29 அன்று, நானே ராமேசுவரம் போய் அவருக்குத் தர்ப்பணம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள் என்று தெரியும்.

அப்படிக் கிளம்பியதுதான் முதல் தப்பு. தனியாகப் போனதைத் தப்பு என்று சொல்லவில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் போனேன், அதைச் சொல்கிறேன். கேட்டிருந்தால், ராமேசுவரத்துக்கு ஏற்கெனவே போய் வந்த யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார்கள்: அங்கே நடக்கிற ஒவ்வொரு சடங்கும் இரண்டு பேருக்காக அமைந்தது. ஒருவர் குளித்தால் ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டும். அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், கோயிலுக்குள் 22 தீர்த்தம், அதன்பிறகு உலர்ந்த துணியில் சாமி தரிசனம், இதுதான் வரிசை. முதல் இரண்டிலும் தலையிலிருந்து கால் வரை நனைந்துவிடுவோம். மூன்றாவதில் செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஈரத் துணியோடு கருவறைப் பக்கம் விடவும் மாட்டார்கள். ஆக மூன்று இடங்களிலும் கையில் இருப்பதை எங்காவது விட்டாக வேண்டும். குடும்பமாக வருகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அதனால்தானோ என்னவோ யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் போனபோது ரயில் தீவுக்குள் போகவில்லை. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் போக்குவரத்து நின்றுவிட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தார்கள். அதனால் மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினேன். சாதாரண நாளில் நாலு மணி நேரம் என்பார்கள். அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் என்பதால் பரமக்குடி தாண்டவே நேரமாகிவிட்டது. பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது மணி பத்தே முக்கால். இரண்டு பக்கமும் இருட்டுக் கடல், கீழே படகுகளில் சிறுசிறு விளக்குகள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் அவருக்கு விட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் அந்தப் பயணத்தில் நான் நினைத்தபடி நடந்தது.

அறை முன்பதிவு செய்யவில்லை. கோயில் ஊர்தானே, போனால் கிடைக்கும் என்று நம்பினேன். தை, ஆடி, புரட்டாசி மகாளயம், இந்த மூன்று அமாவாசைக்கும் அந்தத் தீவு கொள்ளாத கூட்டம் வரும் என்பது அன்றுதான் புரிந்தது. நாலு லாட்ஜ் ஏறி இறங்கினேன். இரண்டில் இடமில்லை. ஒன்றில், "தனியாவா வந்திருக்கீங்க? கூட ஆம்பள யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. இரவு பன்னிரண்டு மணிக்கு நடுத்தெருவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்தது, ஒரு இரவுக்கு 2,800 ரூபாய். கோயிலுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். இந்த இரண்டு கிலோமீட்டர்தான் மறுநாள் என்னை முடக்கிப் போட்டது. நீங்கள் போவதாக இருந்தால் அறை சின்னதாக, அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளிலோ சன்னதித் தெருவிலோ எடுங்கள். தேவஸ்தான விடுதிகளும் இருக்கின்றன, முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். ஈரப் புடவையோடு ஐந்து நிமிடத்தில் நடந்து அறைக்கு வர முடிந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

லாட்ஜ் வாசலிலேயே ஒரு ஆள் பிடித்துக்கொண்டார். "திதியாம்மா? புரோகிதர், தீர்த்தம், சாமி தரிசனம் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு, காலைல நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். களைப்பில் சரி என்றேன். அங்கேயே மூவாயிரம் கொடுத்தேன். 22 தீர்த்தத்துக்குக் கோயில் கவுண்டரில் சீட்டு 25 ரூபாய்தான் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

விடிகாலை நாலரைக்கு அக்னி தீர்த்தம். அந்த இடத்தில் கடல் குளம் மாதிரி இருக்கும், அலையே இருக்காது, ரொம்ப தூரம் போனாலும் இடுப்பளவுதான். கரை முழுக்க மனிதர்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். என்னோடு சேர்த்து ஆறு பேரை ஒரே புரோகிதர் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும், "வீட்டு ஆண்பிள்ளை வரலையா?" என்றார். இல்லை என்றேன். அவர், என்னைக் கூட்டி வந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணுக்குச் செய்ய ஒத்துக்கொள்ள மாட்டார், மீதி ஆயிரத்து ஐந்நூறை இப்போதே கொடுத்தால் பேசிப் பார்க்கிறேன் என்றார். எல்லார் முன்னாலும் எழுந்து போக வேண்டிவருமோ என்று பயந்து கொடுத்துவிட்டேன். பெண்கள் தர்ப்பணம் கொடுக்கச் சம்மதிக்கும் புரோகிதர்களும் இருக்கிறார்கள், சம்மதிக்காதவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தொலைபேசியில் கேட்டு, எவ்வளவு தட்சிணை, என்னென்ன பொருள் யார் கொண்டுவருவது என்று பேசி முடித்துவிட வேண்டும். அப்பாவை நினைத்துக் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும்போது யாராலும் பேரம் பேச முடியாது. அது அவர்களுக்கும் தெரியும்.

தர்ப்பணம் பத்து நிமிடம்கூட இல்லை. அப்பா பெயரை இரண்டு முறை மாற்றிச் சொன்னார், திருத்தினேன். பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டு மூன்று முழுக்குப் போட்டு வரச் சொன்னார். இரண்டு கையிலும் இலையோடு பிண்டம். தோளில் பை. பையில் போன், பணம் 6,200, ஏடிஎம் அட்டை, ஆதார், லாட்ஜ் சாவி, மாற்றுப் புடவை. அந்த ஆளோடு வந்திருந்த ஒரு பையன், "குடுங்கக்கா, நான் வச்சிருக்கேன்" என்று கை நீட்டினான். கொடுத்துவிட்டு இறங்கினேன். தண்ணீருக்கடியில் யார் யாரோ விட்டுவிட்டுப் போன துணிகள் காலில் சுற்றின. ஒரு வேட்டி இரண்டு காலையும் பின்னி, பிண்டத்தோடு முன்னால் விழப் போனேன், பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். (தயவுசெய்து உடுத்திய துணியைக் கடலில் விடாதீர்கள். பாவம் போகிறதோ இல்லையோ, பின்னால் வருகிற ஒரு வயதானவர் விழுவார்.) கரைத்தேன். முழுகினேன். "அப்பா, வந்துட்டேன்" என்று சொன்னேன். மனசு லேசானது போலத்தான் இருந்தது.

கரையேறி வந்தால் பையன் இல்லை. அந்த ஆளும் இல்லை. புரோகிதர் அடுத்த ஆறு பேருக்குச் சங்கல்பம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால், "டீ குடிக்கப் போயிருப்பான்மா" என்றார். நின்றேன். கால் மணி நேரம், அரை மணி நேரம். பொழுது விடிந்துவிட்டது. ஈரப் புடவை உடம்போடு ஒட்டியிருக்க, கையில் ஒரு ரூபாய் இல்லாமல், ஒரு போன் நம்பர் தெரியாமல், அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றேன். பிறகு அந்த ஆள் வந்தார், பையனைக் காணோம் என்று அவரும் தேடினார். பையன் ஒரு கல்மேல் பையை வைத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிடப் போனதாகவும் வந்து பார்த்தால் காணவில்லை என்றும் பிற்பாடு சொன்னான். எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததால் யார் மேலும் பழி சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் கொடுத்தது நான்.

இரண்டு மணி நேரம் கரையில் மேலும் கீழும் நடந்து தேடினேன். என்னைவிட வயதில் பெரியவரான, சங்கும் பாசிமணியும் விற்கிற ஒரு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "என்னாச்சுத்தா, ஏன் நனைஞ்சபடியே சுத்துறீக?" என்று கேட்டார். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், தார்ப்பாயைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, தன் புடவை ஒன்றைக் கொடுத்துக் கட்டச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். தன் போனைக் கையில் கொடுத்தார். யாருக்குப் பேசுவது? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர், சித்தப்பா மகனுடையது, அதுவும் இருபது வருடமாக அவன் மாற்றாததால். அவன் எடுத்தான். அந்த அக்காவின் எண்ணுக்கே ஐயாயிரம் ரூபாய் அனுப்பினான், அவர் கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார்.

இங்கே நான் செய்த பெரிய தவறைச் சொல்ல வேண்டும். போன் கிடைத்த உடனே என் நம்பருக்குத்தான் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, யாரோ எடுப்பார்கள் என்று நம்பினேன். பிறகு அணைந்துவிட்டது. நான் செய்திருக்க வேண்டியது, முதல் வேலையாக வாடிக்கையாளர் மையத்தை அழைத்து சிம்மை முடக்குவது. இரண்டாவது, வங்கியை அழைத்து அட்டையை முடக்குவது. போனுக்குப் பூட்டு இருக்கிறது, யாராலும் திறக்க முடியாது என்று தைரியமாக இருந்தேன். சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே போகும், கூடவே அட்டையும் அவர்கள் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. மதியத்துக்குள் கணக்கிலிருந்து 9,800 ரூபாய் போய்விட்டது. அதைத் தெரிந்துகொண்டதே ஊர் திரும்பிய பிறகுதான். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தால் போகிற வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு; எனக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. போனும் அட்டையும் ஒரே பையில் இருக்கவே கூடாது. ஒன்று அறையில் இருக்கட்டும், இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும்.

காவல் நிலையத்துக்கு அந்த அக்காவே கடையை மகளிடம் விட்டுவிட்டுக் கூட வந்தார். எழுதிக் கொடுத்துச் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தருகிற சீட்டு) வாங்கினோம். இதை விட்டுவிடாதீர்கள். புது சிம் வாங்கவும், தொலைந்த போனை அரசின் சிஇஐஆர் தளத்தில் முடக்கவும் அந்தத் தாள்தான் உதவியது. திரும்பி வரும்போது அவர், "எங்க பக்கத்துச் சனம் அமாவாசைக்கு இங்க வராதுத்தா, சேதுக்கரைக்கோ தேவிபட்டினத்துக்கோ போயிரும்" என்றார். சேதுக்கரை திருப்புல்லாணிக்குப் பக்கத்தில். தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே ராமர் வைத்ததாகச் சொல்லப்படும் நவபாஷாணக் கற்கள் இருக்கின்றன. இரண்டுமே ராமநாதபுரத்திலிருந்து கிட்டத்தில். அங்கும் அமாவாசைக்குக் கூட்டம் உண்டுதான், ஆனால் பாலம் தாண்டி இந்த நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. ராமேசுவரத்திலேயேதான் கொடுக்க வேண்டும் என்றால், நாள் முக்கியமில்லாத காரியத்தைப் பெரிய அமாவாசையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்றும் சொன்னார்: தனுஷ்கோடிக் கடல் அக்னி தீர்த்தம் மாதிரி இல்லை, இழுத்துக்கொண்டு போய்விடும், கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கே தண்ணீரில் இறங்காதே என்று.

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பினேன். சாவி தொலைந்ததற்கு 500 ரூபாய், இன்னொரு இரவுக்கு வாடகை. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். அப்பாவுக்காக வந்து அப்பாவையே மறந்துவிட்டேன், சாமியைப் பார்க்கவே இல்லை, அமாவாசையும் போய்விட்டது. காலையில் முதல் பேருந்தில் ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். சாமி மேல்கூடக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் விடிகாலை விழிப்பு வந்ததும் கால் கோயில் பக்கம்தான் போனது. இந்த முறை கையில் ஒன்றுமே இல்லை. மாற்றுப் புடவையை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு அந்த அக்கா கடையில் கொடுத்தேன். இடுப்பில் ஐம்பது ரூபாய். கவுண்டரில் சீட்டு வாங்கினேன். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்துக் கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்று விளிம்பில் நிற்பவர்கள் வாளியை இறக்கி இழுத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தக் கிணறுகளில் உப்பு இல்லை, கிணற்றுக்குக் கிணறு ருசி மாறுவதை நாக்கில் உணர்ந்தேன். முதல் நாள் கூட்டத்தில் தலையில் தெளிக்கத்தான் முடிந்திருக்கும் என்றார்கள்; அமாவாசைக்கு மறுநாள் ஒவ்வொன்றிலும் முழு வாளி கிடைத்தது, ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. தரை முழுக்க ஈரக் கல், கண்ணாடி மாதிரி வழுக்கும். ஓடாதீர்கள், கூட்டத்தோடு ஓடச் சொன்னாலும் ஓடாதீர்கள். என் கண் முன்னாலேயே ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விடிகாலை நீர் சில்லென்று இருக்கும்; நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் வெயில் ஏறியபின் போவது நல்லது. பெண்கள் கனமான பருத்திப் புடவையோ சுடிதாரோ அடர்ந்த நிறத்தில் உடுத்திக்கொள்ளுங்கள். கோடி தீர்த்தத்தில் தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தபோது வாய்விட்டு அழுதேன். அந்த நீருக்குள் யாருக்கும் தெரியவில்லை.

துணி மாற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். 1,212 தூண்கள் நிற்கிற அந்த வெளிப் பிரகாரத்தில் ஆளே இல்லாத ஒரு நேரம். சம்பந்தரும் அப்பரும் தேவாரம் பாடிய தலம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். முதலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது விசுவநாதர் சன்னதியில். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இராவணனைக் கொன்ற பாவம் தீர ராமர் இங்கே சிவனைப் பூசிக்க நினைத்தார். கயிலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமாரை அனுப்பினார். அவர் வர நேரமாகிவிட்டது, நல்ல நேரம் தவறக் கூடாதென்று சீதை மணலில் பிடித்து வைத்ததுதான் ராமலிங்கம். பிறகு வந்த அனுமாருக்கு வருத்தம், வாலால் சுற்றி மணல் லிங்கத்தைப் பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை. அவரைத் தேற்ற ராமர் சொன்னாராம், நீ கொண்டுவந்த இந்த விசுவநாதருக்குத்தான் முதல் பூசை, அப்புறம்தான் என்னுடையதுக்கு என்று. சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்ட கதை. அன்றைக்கு, ஒரு நாள் தாமதமாக வந்து அந்த லிங்கத்தின் முன்னால் நின்றபோது வேறு மாதிரி கேட்டது. அப்பா பெயரைத் தப்பில்லாமல் ஒரு முறை சொன்னேன். பிறகு ராமநாதரிடம் போனேன்.

கணக்குப் போட்டால் போன் 17,000, ரொக்கம் 6,200, கணக்கில் போனது 9,800, அந்த ஆளுக்குக் கொடுத்தது 4,500. மொத்தம் 37,500 ரூபாய், அறை வாடகை தனி. அட்டை, சிம், ஆதார் எல்லாம் திரும்ப வாங்கப் பதினோரு நாள் அலைந்தேன். இப்போது வெளியூர் போனால் மூன்று பேர் நம்பரை ஒரு தாளில் எழுதி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறேன். கழுத்தில் மாட்டும் நீர் புகாத உறை கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. போனும் ஐந்நூறு ரூபாயும் அதில் அடங்கும், கடலுக்குள் அதோடேயே இறங்கலாம். கோயிலுக்குள் போகும்போது மட்டும் போனைக் காப்பறையில் கொடுத்து டோக்கனைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் வரவேற்பில் பையைக் கொடுத்தால் அதற்கும் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்.

கிளம்பும் முன் அக்னி தீர்த்தத்தில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டேன். புடவையைத் துவைத்து அனுப்புகிறேன் என்றதற்கு, "அடுத்த தடவ வரும்போது கொண்டாங்க" என்றார் அந்த அக்கா. மண் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. வருகிற கார்த்திகையில் பிரயாகைக்குப் போகிறேன். சித்தியும் வருகிறார், டிக்கெட் இரண்டு எடுத்திருக்கிறேன். கங்கை நீரோடு திரும்பி ராமேசுவரம் போகும்போது அந்தப் புடவையையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.